தன்வெப்பம்: பிடியூ, கலோரி, ஜூல் அலகு மாற்றக் கேள்விகள்

பாய்லர், சில்லர், தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் (எண்ணெயைச் சூடாக்கி அதன் வழியே வெப்பம் தரும் கருவி) என்று வெப்பத்தோடு மல்லுக்கட்டும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரே நாளில் மூன்று விதமான காகிதம் மேசைக்கு வரும். எண்ணெய் விற்றவர் கொடுத்த தாள் பிடியூவில், அதாவது பிரிட்டிஷ் வெப்ப அலகில், இருக்கும். நம் ஊர் பாய்லர்காரர் கிலோகலோரியில் பேசுவார். புதிதாக வாங்கிய ஹீட் எக்ஸ்சேஞ்சரின் கையேடு கிலோஜூலில் இருக்கும். மூன்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவரும்போதுதான் தவறுகள் நுழைகின்றன. இருபது வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தன்வெப்பம், தன்வெப்ப ஏற்புத்திறன், தன்வெப்பக் கொள்ளளவு: மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தன்வெப்ப ஏற்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். இலங்கையில் படித்தவர்களுக்கு தன்வெப்பக் கொள்ளளவு பழக்கமான சொல். சுருக்கமாகத் தன்வெப்பம் என்றாலே எல்லோருக்கும் புரியும். ஒரு பொருளில் குறிப்பிட்ட எடையை எடுத்து, அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த எவ்வளவு வெப்பம் தர வேண்டும் என்பதைச் சொல்லும் எண் இது. இதில் மூன்று அளவுகள் கலந்திருக்கின்றன: வெப்பம், எடை, டிகிரி. அலகு மாற்றும்போது மூன்றையும் மாற்ற வேண்டும். பெரும்பாலான தவறுகள் இரண்டை மாற்றிவிட்டு மூன்றாவதை மறப்பதால் வருகின்றன.

எந்தெந்த அலகுகளைப் பார்க்க நேரும்?

நடைமுறையில் மூன்று குடும்பங்கள்.

முதலாவது, இன்றைய மெட்ரிக் அலகு. ஒரு கிலோவுக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை ஜூல் அல்லது கிலோஜூல். வெப்பத்துக்கும் ஜூலையே அலகாகக் கொள்வது என்று எடைகள் அளவைகள் பற்றிய பொது மாநாடு 1948ல் முடிவெடுத்தது. தண்ணீரின் தன்வெப்பம் இதில் ஏறத்தாழ 4.19 கிலோஜூல்.

இரண்டாவது, பழைய மெட்ரிக் அலகு. ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி செல்சியஸுக்கு இத்தனை கலோரி, அல்லது ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை கிலோகலோரி. மேலும் கீழும் ஆயிரம் மடங்கு கூடுவதால் இரண்டும் ஒரே எண்தான். 1948லேயே ஓய்வு கொடுத்த அலகு என்றாலும், நம் தொழிற்சாலைகளில் இன்றும் வாய்வழக்கு இதுதான். நிலக்கரியின் எரிதிறனைக் கேட்டால் கிலோவுக்கு இத்தனை கிலோகலோரி என்றுதான் பதில் வரும்.

மூன்றாவது, பிரிட்டிஷ் அலகு. ஒரு பவுண்டுக்கு ஒரு டிகிரி பாரன்ஹீட்டுக்கு இத்தனை பிடியூ. அமெரிக்கக் கையேடுகள் எல்லாம் பெரும்பாலும் இதில்தான்.

கலோரிக்கும் பிடியூவுக்கும் தன்வெப்பத்தில் ஒரே எண் வருகிறதே, அச்சுப் பிழையா?

இல்லை. என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய அலகுகள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கும் வெப்பத்துக்குக் கலோரி என்று பெயர் வைத்தார்கள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்கும் வெப்பத்துக்குப் பிடியூ என்று பெயர் வைத்தார்கள். இரண்டிலும் தண்ணீரே படிக்கல். அதனால் தண்ணீரின் தன்வெப்பம் இங்கும் 1, அங்கும் 1. செம்பைச் சூடாக்க, அதே எடைத் தண்ணீருக்கு ஆகும் வெப்பத்தில் 0.092 பங்கு போதும். எடையைப் பவுண்டில் நிறுத்தாலும் கிராமில் நிறுத்தாலும், டிகிரியை யாருடைய அளவுகோலில் பார்த்தாலும் அந்தப் பங்கு மாறப்போவதில்லை. அதனால் செம்புக்கு இரண்டு பட்டியலிலும் 0.092 என்றே இருக்கும்.

எண்களை வைத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்பவர்களுக்காக இது. ஒரு பிடியூ என்பது 1,055.056 ஜூல். ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 2,326 ஜூல் வரும். ஆனால் அது ஒரு பாரன்ஹீட் டிகிரிக்கான வெப்பம். பாரன்ஹீட் டிகிரி சின்னது. உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் நடுவே செல்சியஸில் 100 படிகள், பாரன்ஹீட்டில் 180 படிகள். ஒரு முழு செல்சியஸ் டிகிரி ஏற 1.8 மடங்கு வெப்பம் வேண்டும். 2,326ஐ 1.8ஆல் பெருக்கினால் 4,186.8. ஒரு கிலோகலோரியும் சரியாக 4,186.8 ஜூல்தான். அடுத்த முறை யாராவது பிடியூ தன்வெப்பத்தைக் கிலோகலோரிக்கு மாற்றக் கணிப்பானை எடுத்தால், தாராளமாகக் கையைப் பிடித்து நிறுத்தலாம்.

அப்படியானால் ஜூலுக்கு மாற்ற எந்த எண்ணால் பெருக்குவது?

4.1868. பிடியூவில் இருந்தாலும் கிலோகலோரியில் இருந்தாலும் இதே எண்தான். பெருக்கினால் கிலோவுக்கு ஒரு டிகிரிக்குக் கிலோஜூல் கிடைக்கும். ஜூலாகவே வேண்டுமென்றால் 4,186.8. திரும்பப் பழைய அலகுக்குப் போக 4.1868ஆல் வகுக்க வேண்டும்.

அலுமினியத்தைப் பார்ப்போம். பழைய பட்டியலில் 0.215. பெருக்கினால் 0.900 கிலோஜூல். காற்று 0.24, அது 1.005 கிலோஜூல் ஆகும். இந்தக் காற்று எண் ஏசி வேலை செய்கிறவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

சில புத்தகங்களில் 4.184, சிலவற்றில் 4.186, சிலவற்றில் 4.1868 என்று இருக்கிறது. எது சரி?

மூன்றும் சரி. ஆனால் மூன்றும் வேறு வேறு கலோரிகள்.

தண்ணீரைப் படிக்கல்லாக வைத்ததில் ஒரு சங்கடம் இருந்தது. தண்ணீரின் தன்வெப்பமே ஒரே மாதிரி நிற்பதில்லை. 0 டிகிரியில் 4.217 கிலோஜூல். சூடேறச் சூடேறக் குறைந்து, 35 டிகிரி வாக்கில் 4.178 வரை இறங்கி, திரும்ப ஏறி, 100 டிகிரியில் 4.216க்கு வந்துவிடும். அதனால் ஒரு டிகிரி என்றால் எந்த டிகிரி என்று சொல்லியாக வேண்டியிருந்தது. 14.5இலிருந்து 15.5 டிகிரிக்குச் சூடாக்குவதை வைத்தவர்களுக்கு 4.1855 ஜூல் கிடைத்தது. பள்ளிப் புத்தகங்களில் வரும் 4.186 அதை ஒட்டியதுதான்.

பிற்பாடு தண்ணீரை விட்டுவிட்டு, ஜூலை வைத்தே கலோரியை வரையறுத்தார்கள். வேதியியல்காரர்கள் சரியாக 4.184 ஜூல் என்று வைத்துக்கொண்டார்கள். நீராவி அட்டவணை தயாரித்தவர்கள் 1956ல் லண்டனில் கூடி 4.1868 என்று முடிவு செய்தார்கள். நீராவி, பாய்லர், குளிரூட்டல் வேலைகளில் நாம் எடுக்க வேண்டியது 4.1868. வேதியியல் வினைகளின் வெப்பக் கணக்கிலும், உணவுப் பொருள்களிலும் 4.184.

இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, நூற்றுக்கு 0.07 அளவுதான். உங்கள் வெப்பமானி அரை டிகிரி தப்பாகக் காட்டுவது இதைவிடப் பெரிய பிழை. ஆனால் ஒரே கணக்கின் நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். சரிபார்க்கிறவர் கடைசி இலக்கம் ஏன் உதைக்கிறது என்று அரை நாள் தேடுவார்.

பாரன்ஹீட்டை மாற்றும்போது 32ஐக் கழிக்க வேண்டாமா?

தன்வெப்பத்தில் வேண்டாம். 32 என்பது இரண்டு அளவுகோல்களின் தொடக்கப் புள்ளிகள் தள்ளி இருப்பதற்கான திருத்தம். இப்போது என்ன வெப்பநிலை என்ற கேள்விக்கு அது வேண்டும். எத்தனை டிகிரி ஏறியது என்ற கேள்விக்கு வேண்டாம். 86 டிகிரி பாரன்ஹீட் என்பது 30 டிகிரி செல்சியஸ். ஆனால் 86 பாரன்ஹீட் டிகிரி உயர்வு என்பது 47.8 செல்சியஸ் டிகிரி உயர்வு. இதே காரணத்தால், ஒரு டிகிரி செல்சியஸுக்கு என்றாலும் ஒரு கெல்வினுக்கு என்றாலும் தன்வெப்பத்தில் ஒன்றுதான். 273ஐத் தேடிப் போக வேண்டியதில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒரு இடத்தில் 32 கட்டாயம் வேண்டும், அங்கேதான் ஆட்கள் வழுக்குகிறார்கள். சில தாள்களில் தன்வெப்பம் ஒற்றை எண்ணாக இருக்காது, சூத்திரமாக இருக்கும். பெட்ரோலிய எண்ணெய்களுக்கு 1929ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய அலுவலகம் வெளியிட்ட சூத்திரம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 0.388 உடன், 0.00045ஐ வெப்பநிலையால் பெருக்கிக் கூட்டி, வரும் தொகையை எண்ணெயின் ஒப்படர்த்தியின் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வெப்பநிலை பாரன்ஹீட்டில், விடை பிடியூ அலகில்.

ஒப்படர்த்தி 0.85 உள்ள எண்ணெய், 100 டிகிரி செல்சியஸ், அதாவது 212 பாரன்ஹீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.388 கூட்டல் 0.0954, மொத்தம் 0.4834. 0.85இன் வர்க்கமூலம் 0.922. வகுத்தால் 0.524. கிலோஜூலில் 2.195. இங்கே 212 போட வேண்டிய இடத்தில் 100 போட்டால் 0.470தான் வரும், பத்து சதவீதம் குறைவு. விடையைப் பார்த்தால் சந்தேகமும் வராது, எண்ணெய்க்கு நம்பும்படியான எண்தான். அதுதான் ஆபத்து.

சூத்திரத்தையே செல்சியஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். பாரன்ஹீட் இருந்த இடத்தில் 1.8 மடங்கு செல்சியஸும் 32ம் போட்டால், 0.388 என்பது 0.402 ஆகும், 0.00045 என்பது 0.00081 ஆகும். விடை கிலோகலோரி என்று பெயர் மாறும், அளவு மாறாது. சூத்திரத்துக்குள் போகும் வெப்பநிலை ஒரு அளவீடு, அதற்கு 32 உண்டு. வெளியே வரும் தன்வெப்பத்தில் இருக்கும் டிகிரி ஒரு வித்தியாசம், அதற்கு 32 இல்லை.

மாற்றிய எண் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் ஆரம்ப காலத்தில் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் ஒன்றுக்குக் கணக்குப் போட்டேன். எண்ணெயின் தாளில் தன்வெப்பம் 0.55 பிடியூ என்று இருந்தது. பிடியூவை ஜூலாக்கினேன், பவுண்டைக் கிலோவாக்கினேன், 1,279 ஜூல் வந்தது. டிகிரியை மாற்றவே இல்லை. அந்த எண்ணை வைத்தே எண்ணெயைச் சூடேற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது நான் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆனது. பர்னரில் குறை, இன்சுலேஷனில் குறை என்று இரண்டு நாள் தேடினோம். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் தண்ணியில பாதி வரணுமே தம்பி, இது மூணுல ஒரு பங்குகூட இல்லையே" என்றார். சரியான எண் 2,303 ஜூல்.

அவர் சொன்ன மாதிரி சில பங்குகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் 1. பால் 0.94. எரிசாராயம் 0.58. எண்ணெய் வகைகள், பனிக்கட்டி, நீராவி எல்லாம் ஏறத்தாழப் பாதி. காற்று கால் பங்கு. அலுமினியம், கண்ணாடி, கான்கிரீட் ஐந்தில் ஒரு பங்கு. இரும்பு பத்தில் ஒன்று, செம்பு அதற்கும் கொஞ்சம் குறைவு. பாதரசமும் ஈயமும் முப்பதில் ஒன்று. ஜூலில் வந்த விடையை 4.2ஆல் வகுத்து, இந்த வரிசையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சாதாரணத் திரவம் ஒன்றுக்கு 1ஐத் தாண்டி எண் வந்தால், மேற்கொண்டு போகாமல் அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் 1.8 இரண்டு முறை நுழைந்திருக்கும். அம்மோனியா போலத் தண்ணீரைத் தாண்டுகிறவையும் உண்டு, ஆனால் அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

உள்ளுறை வெப்பத்துக்கும் பிடியூ, கிலோகலோரி ஒரே எண்தானா?

இல்லை, இங்கே 1.8 வேண்டும். உள்ளுறை வெப்பம் என்பது ஒரு பொருள் உருகவோ ஆவியாகவோ தேவைப்படும் வெப்பம். பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை மாறுவதில்லை, அதனால் அலகில் டிகிரியே கிடையாது. எடையும் வெப்பமும் மட்டும்தான். எதிரெதிரே அடிபட்டுப் போக டிகிரி இல்லாததால் 1.8 மிஞ்சி நிற்கிறது. பனிக்கட்டி உருக கிலோவுக்கு 80 கிலோகலோரி, பவுண்டுக்கு 144 பிடியூ. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகக் கிலோவுக்கு 539 கிலோகலோரி, பவுண்டுக்கு 970 பிடியூ, மெட்ரிக்கில் 2,257 கிலோஜூல். நிலக்கரியின் எரிதிறனுக்கும் இதே விதிதான்: கிலோகலோரியை 1.8ஆல் பெருக்கினால் பவுண்டுக்கான பிடியூ.

தன்வெப்பத்தில் எண் மாறாது என்று கற்றுக்கொண்ட புதிதில், அதே தைரியத்தோடு உள்ளுறை வெப்பத்தையும் அப்படியே எழுதிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அலகில் டிகிரி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பழைய புத்தகத்தில் தன்வெப்பம் என்று வெறும் எண் இருக்கிறது, அலகே இல்லை. என்ன செய்வது?

அதைத் தண்ணீரோடு ஒப்பிட்ட விகிதமாக எடுத்துக்கொண்டு 4.1868ஆல் பெருக்குங்கள், கிலோஜூல் வந்துவிடும். ஒப்படர்த்தி மாதிரி, தன்வெப்பத்தையும் அந்தக் காலத்தில் தண்ணீருக்கு எத்தனை பங்கு என்றுதான் சொன்னார்கள்.

இந்தக் கருத்து பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவப் பேராசிரியர், 1760 வாக்கில், பாதரசத்தையும் தண்ணீரையும் கலந்து பார்த்த ஒரு பழைய சோதனையை யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சோதனையைச் செய்தவர் வெப்பமானிக்குப் பெயர் தந்த பாரன்ஹீட்டேதான். 100 டிகிரித் தண்ணீரும், அதே கொள்ளளவு 150 டிகிரிப் பாதரசமும் கலந்தால் நடுவில் 125 வர வேண்டும். வந்தது 120 என்று பிளாக் தன் மாணவர்களுக்கு விளக்கினார். பாதரசம் 30 டிகிரி இழந்தது, தண்ணீர் 20 டிகிரிதான் ஏறியது. பதின்மூன்று மடங்கு கனமான பாதரசம், வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் தண்ணீரிடம் தோற்றது. கனமான பொருள் அதிக வெப்பம் பிடிக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்கும் தனி அளவு உண்டு என்று பிளாக் சொன்னார்.

நம்மிடம் இன்று இருக்கும் எண்களை வைத்துச் சரிபார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் பாதரசம் 13.5 கிராம், தன்வெப்பம் 0.033. பெருக்கினால் 0.45. தண்ணீருக்கு 1. கலவை 115 அல்லது 116 டிகிரியில் நிற்க வேண்டும். அவர்கள் எண் சற்றுக் கூடத்தான், ஆனால் முடிவு அப்படியே நிற்கிறது.

முழுக் கணக்கு ஒன்று போட்டுக் காட்ட முடியுமா?

பால் குளிரூட்டும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கறந்த பால் 35 டிகிரியில் வருகிறது, 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். 10,000 லிட்டர், 4 மணி நேரத்தில்.

லிட்டர் 1.03 கிலோ, ஆக 10,300 கிலோ. தன்வெப்பம் 0.94 கிலோகலோரி. இறக்கம் 31 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் 3,00,142 கிலோகலோரி. 4 மணிக்கு வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 75,000 கிலோகலோரி. ஒரு ரெஃப்ரிஜரேஷன் டன் (குளிரூட்டும் திறனின் அலகு, விளக்கம் அடுத்த கேள்வியில்) என்பது மணிக்கு 3,024 கிலோகலோரி. ஆக 24.8 டன்.

இதையே கிலோஜூலில் போடுங்கள். பாலின் தன்வெப்பம் 0.94 பெருக்கல் 4.1868, அதாவது 3.935. மொத்த வெப்பம் சுமார் 12,56,600 கிலோஜூல். 4 மணி நேரம் என்பது 14,400 விநாடி. வகுத்தால் 87.3 கிலோவாட். ஒரு டன் 3.517 கிலோவாட். வகுத்தால் அதே 24.8. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம். நான் இன்றும் முக்கியமான கணக்குகளை இரண்டு அலகிலும் போட்டுத்தான் அனுப்புகிறேன். பம்பு, காப்பு வழியாக உள்ளே வரும் வெப்பம் எல்லாம் இதற்கு மேல் சேரும், அது தனிக் கணக்கு.

ஏசி கடையில் சொல்லும் டன்னுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அதே டன்தான், பனிக்கட்டிக் காலத்து மிச்சம். 2,000 பவுண்டுள்ள அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன். 2,000 பெருக்கல் 144, வகுத்தல் 24. மணிக்கு 12,000 பிடியூ. ஒன்றரை டன் ஏசி என்றால் மணிக்கு 18,000 பிடியூ, 5.3 கிலோவாட். அது அறையிலிருந்து எடுக்கும் வெப்பம், கரண்ட் பில் அல்ல. எடுக்கும் மின்சாரம் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் கீழோ இருக்கும்.

பழைய ஜப்பான் இயந்திரங்களில் கவனம். அவர்களுடைய டன் 1,000 கிலோ பனிக்கட்டியை வைத்து வந்தது, மணிக்கு 3,320 கிலோகலோரி. நம்முடையதைவிடப் பத்து சதவீதம் பெரியது.

அமெரிக்கக் கையேடுகளில் வரும் 500, 1.08 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன?

இரண்டுக்குள்ளும் தன்வெப்பம் ஒளிந்திருக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை கேலன் தண்ணீர், இத்தனை பாரன்ஹீட் டிகிரி வித்தியாசம், இரண்டையும் பெருக்கி 500ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை பிடியூ. அமெரிக்க கேலன் தண்ணீர் 8.33 பவுண்டு, மணிக்கு 60 நிமிடம், தண்ணீரின் தன்வெப்பம் 1. பெருக்கினால் 500. பிரிட்டிஷ் கேலன் 10 பவுண்டு, அதற்கு 600 வரும். பழைய பிரிட்டிஷ் பம்புக்கு 500ஐப் போட்டால் கணக்கு ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

1.08 காற்றுக்கு. கன அடிக் காற்று 0.075 பவுண்டு, தன்வெப்பம் 0.24, 60 நிமிடம். மூன்றையும் பெருக்கினால் 1.08. இது கடல் மட்டத்துக் காற்று. ஊட்டியில் காற்று மெலிந்திருக்கும், 1.08ஐ அப்படியே போட்டால் கூடுதலாகக் காட்டும்.

ஒன்று நினைவிருக்கட்டும், 500 தண்ணீருக்கு மட்டும். குழாயில் ஓடுவது முப்பது சதவீத கிளைக்கால் (தண்ணீர் உறையாமல் இருக்கக் கலக்கும் திரவம்) கலவை என்றால் அதன் தன்வெப்பமும் அடர்த்தியும் வேறு. பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் 500ஐ மந்திரம் மாதிரி எல்லாத் திரவத்துக்கும் ஓதுகிறார்கள், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மோலுக்கு இத்தனை ஜூல் என்று கொடுத்திருந்தால்?

மோல் எடையால் வகுங்கள், கிராமுக்கு ஜூல் கிடைக்கும். அதுவே கிலோவுக்குக் கிலோஜூலும். திட உலோகங்களுக்கு ஒரு அழகான குறுக்கு வழி உண்டு. பெரும்பாலான உலோகங்களுக்கு ஒரு மோலுக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 25 ஜூல் என்று டூலாங், பெட்டி என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1819ல் கண்டுபிடித்தார்கள். இரும்பின் மோல் எடை 55.85. 25ஐ வகுத்தால் 0.448, அளந்த மதிப்பு 0.449. செம்புக்கு 63.5, வகுத்தால் 0.394, அளந்தது 0.385. பட்டியல் கையில் இல்லாதபோது இது போதும்.

பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் கலோரி எது?

கிலோகலோரி. பேச்சில் கிலோவை விட்டுவிடுகிறார்கள்.

பழைய பிரிட்டிஷ் நூல்களில் சென்டிகிரேடு வெப்ப அலகு என்று ஒன்று வருகிறதே?

ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தும் வெப்பம், 1.8 பிடியூ. எடை பவுண்டில், டிகிரி செல்சியஸில். தன்வெப்பத்துக்கு இதிலும் தண்ணீர் 1 என்பதால் எண் மாறாது. இதிலிருந்தும் 4.1868தான்.

சூட்டை எப்படி வேலையோடு ஒப்பிட்டார்கள்? அடி-பவுண்டில் கொடுத்த பழைய எண்களை நம்பலாமா?

மான்செஸ்டரின் ஜேம்ஸ் ஜூல், எடைக்கல் கீழே இறங்கும்போது தண்ணீருக்குள் துடுப்பு சுழலும்படி அமைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். உயர்வு ஒரு பாரன்ஹீட் டிகிரியைக்கூட எட்டாது. அதைத் துல்லியமாகப் படித்ததுதான் அவருடைய சாதனை. ஒரு பிடியூவுக்கு 772 அடி-பவுண்டு (ஒரு பவுண்டு எடையை ஒரு அடி தூக்கும் வேலை ஒரு அடி-பவுண்டு) வேலை என்று 1850ல் வெளியிட்டார். பிறகு 1878ல் திருத்திய 772.55 என்ற எண் அவருடைய கல்லறைக் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய மதிப்பு 778.17. முக்கால் சதவீதம்தான் வித்தியாசம். 19ஆம் நூற்றாண்டு நூல்களில் 772 என்று பார்த்தால் அதை அப்படியே எடுக்காமல் 778 போட்டுக் கணக்கை மறுபடி செய்யுங்கள்.

மாற்றிய விடையை எத்தனை இலக்கம் வரை எழுதுவது?

மூலத்தில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கதோ அத்தனை. 0.55 என்று இரண்டு இலக்கத்தில் கொடுத்த எண்ணெய்க்கு 2.30274 என்று எழுதினால், யாரோ ஆய்வுக்கூடத்தில் அளந்தது என்று அடுத்தவர் நினைத்துக்கொள்வார். 2.3 என்று எழுதுங்கள், பக்கத்தில் அலகு, அதன் பக்கத்தில் எந்த வெப்பநிலையில் என்பதும். கணக்கின் நடுவில் மட்டும் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொண்டு, கடைசியில் சுருக்குங்கள்.